பதினைந்தாம் தேதி டைரக்டர்

தாக் சூன்ஹோவுக்கு ஐம்பத்தேழு வயதில் கம்பெனி கௌரவ ஓய்வு கொடுத்தது. கௌரவம் என்பது அவர்கள் வைத்த பெயர். கார் இருக்கைகளைச் சூடாக்கும் கம்பிச் சுருள் செய்கிற தொழிற்சாலை அது. தாக் அங்கே கொள்முதல் பிரிவில் மேனேஜர். முப்பது வருடம் ஊரார் உட்காரும் இடத்துக்குக் கதகதப்பு ஏற்பாடு செய்தவரை, டிசம்பர் மாதக் குளிரில் ஒரு பூங்கொத்தும் கண்ணாடிப் பட்டயமும் கையில் கொடுத்து, லிஃப்ட் வரை கூட வந்து வழியனுப்பினார்கள். லிஃப்ட் கீழே இறங்கும் முன்பே அவருடைய நாற்காலியில் வேறொருவர் உட்கார்ந்துவிட்டார் என்று பின்னால் கேள்விப்பட்டோம்.

நான் தாக் வீட்டுக்கு இரண்டு மாடி கீழே குடியிருக்கிறவன். தேஜான் நகரில் யுதுங் ஓடையை ஒட்டிய பழைய அடுக்குமாடி எங்களுடையது. நடுநிலைப் பள்ளியில் புவியியல் நடத்தி ஓய்வு பெற்றதால் எல்லோருக்கும் நான் வாத்தியார். எங்களோடு மூன்றாவது ஆள் யோம் அண்ணன், எழுபது வயது, தபால்காரராக இருந்தவர். நாங்கள் மூவரும் செவ்வாய்க்கிழமைதோறும் போமுன் மலை ஏறுவோம். இறங்கியதும் அடிவாரக் கடையில் பார்லிச் சோற்றில் கீரையும் மிளகாய் விழுதும் போட்டுப் பிசைந்து சாப்பிட்டு, ஆளுக்கொரு கிண்ணம் அரிசிக் கள் குடித்துவிட்டு வீடு திரும்புவோம்.

தாக்குக்குக் கிடைத்த ஓய்வுப் பணம் முப்பத்திரண்டு கோடி வொன். கோடி என்றதும் மலைக்க வேண்டாம், அந்தப் பார்லிச் சோறே ஒரு கிண்ணம் பத்தாயிரம். இருந்தாலும் குடியிருக்கும் வீட்டைத் தவிர அவருக்கு இருந்த சொத்து அதுதான். எங்கள் ஊரில் இப்படி வெளியே வந்தவர்கள் வழக்கமாகச் செய்வது பொரித்த கோழிக்கடை வைப்பது. மனைவி ஹேரனின் தம்பி கிபோம் அதற்கு இரண்டு வருடம் முன்பு அதைத்தான் செய்திருந்தார். தாக்குக்கு அந்தத் தொழிலின் மேல் அப்படியொரு இளக்காரம். மச்சினன் வந்துபோனால் சோபாவில் எண்ணெய் வாசம் ஒட்டிக்கொள்கிறது என்று ஜன்னலைத் திறந்து வைப்பார், அதுவும் கிபோம் இன்னும் செருப்பு மாட்டிக்கொண்டிருக்கும்போதே.

ஓய்வு பெற்ற முதல் மூன்று வாரம் தாக் நூலகத்துக்குப் போய் நாளிதழ் படித்தார். நான்காவது வாரம் கைபேசியில் வீடியோ பார்க்க ஆரம்பித்தார். அதில் ஒரு இளைஞர், கோட்டு போட்டுக்கொண்டு, பின்னால் கடல் தெரிய நின்று, தூங்கும்போதும் வருகிற சம்பளம் என்று ஏதோ சொன்னாராம். ஜனவரி மாதம் தாக் முப்பத்திரண்டு கோடியையும் ஒரே ஃபண்டில் போட்டார். ஃபண்டின் பெயர் 'அமெரிக்கத் தொழில்நுட்பம் நூறு கவர்டு கால் பதினைந்து'. வருடத்துக்குப் பதினைந்து சதவீதம் இலக்கு. அதைப் பன்னிரண்டாகப் பிரித்து மாதாமாதம் பதினைந்தாம் தேதி வங்கிக் கணக்கில் போடுவார்கள்.

பிப்ரவரி பதினைந்தாம் தேதி, வரி போக முப்பத்துமூன்று லட்சத்துச் சொச்சம் வந்து விழுந்தது. அந்த வாரம் மலையில் தாக்கின் நடையே வேறு மாதிரி இருந்தது. பார்லிச் சோற்றுக்கு அவரே பணம் கொடுத்தார். முதன்முறையாகக் காளான் வடையும் வாங்கிக் கொடுத்தார். சாப்பிட்டுக்கொண்டே எங்களுக்கு விளக்கினார். அமெரிக்காவின் நூறு பெரிய கம்பெனிப் பங்குகளை அந்த ஃபண்டு வாங்கி வைத்துக்கொள்ளும். பிறகு, இந்தப் பங்குகள் இன்ன விலைக்கு மேல் ஏறினால் அந்த ஏற்றம் உனக்கு என்று வெளியாருக்கு உரிமை எழுதிக் கொடுக்கும். அந்த உரிமைக்கு அவர்கள் முன்கூட்டியே தருகிற காசுதான் மாதாமாதம் நமக்கு வருகிறது.

"ஏறுமான்னு கனா காணறவன் காசு கட்டறான், நான் வாங்கிச் சாப்பிடறேன். அவ்வளவுதான் வாத்தியாரே, உலகம்" என்றார்.

எனக்குப் பாதி புரிந்தது. காளான் வடை முழுதாகப் புரிந்தது.

மார்ச் மாதத்திலிருந்து எங்கள் மலையேற்றம் செவ்வாய்க்கிழமையை விட்டுவிட்டுப் பதினைந்தாம் தேதிக்கு நகர்ந்தது. யாரும் முடிவு செய்யவில்லை, அதுவாக நகர்ந்தது. மற்ற நாட்களில் எனக்கு முழங்கால் வலிக்கும், யோம் அண்ணனுக்கு மருத்துவமனை இருக்கும். பதினைந்தாம் தேதி மட்டும் மழை பெய்தாலும் இருவரும் எட்டரை மணிக்கே அடிவாரத்தில் நிற்போம். நாங்கள் அப்படி நிற்பதைத் தாக் தன் பேச்சின் மகிமை என்று நினைத்துக்கொண்டார்.

ஏப்ரலில் விசிட்டிங் கார்டு அச்சடித்தார். 'தாக் முதலீட்டு ஆய்வகம். தலைமை டைரக்டர்.' ஆய்வகம் என்பது அவர் வீட்டுப் பால்கனியில், கிம்ச்சி ஊறுகாய் வைக்கும் தனி ஃப்ரிட்ஜுக்கும் துணி உலர்த்தும் கம்பிக்கும் நடுவே போட்ட ஒரு மடக்கு மேசை. எங்கள் ஊரில் ஓய்வு பெற்ற பிறகும் மனிதரைப் பழைய பதவி சொல்லித்தான் கூப்பிடுவோம். யாராவது தாக் மேனேஜர் என்றால் அவர் காது கேட்காதவர் மாதிரி நடப்பார். டைரக்டர் என்றால் திரும்புவார். வாசல் காவலாளி இரண்டே நாளில் கற்றுக்கொண்டுவிட்டார். மலையேற ஒரு ஜாக்கெட்டும் வாங்கினார், நெருப்பு ஆரஞ்சு நிறம், எட்டாயிரம் மீட்டர் உயரத்துப் பனிப்புயலைத் தாங்கும் என்று சீட்டில் போட்டிருந்தது. போமுன் மலை ஐந்நூறு மீட்டர்கூடக் கிடையாது.

வீட்டில் ஹேரன் மட்டும் மசியவில்லை. அவர் சந்தைக்கு அருகே ஒரு தொடுகறிக் கடையில் வேலை பார்க்கிறவர். காலையிலிருந்து கீரை ஆய்ந்து, முள்ளங்கி நறுக்கி, கருவாடு வறுத்து, சின்னச் சின்ன டப்பாக்களில் அடைத்து விற்க வேண்டும். தாக் அவரை வேலையை விட்டுவிடச் சொன்னார். டைரக்டர் மனைவி முள்ளங்கி நறுக்குவது நன்றாக இல்லையாம். முதலில் அந்த ஃபண்டு என்னவென்று எனக்குச் சொல்லுங்கள் என்று ஹேரன் கேட்டிருக்கிறார். தாக் எங்களுக்குச் சொன்னதையே சொன்னார். ஹேரன் மிளகாய்ச் சிவப்பு ஏறிய விரல்களை எலுமிச்சைத் தோலால் தேய்த்துக்கொண்டே கேட்டுவிட்டுச் சொன்னதை என் மனைவியிடம் பிறகு அப்படியே ஒப்பித்தார்.

"நம்ம வீட்டையே எடுத்துக்கோங்க. வீட்டு விலை ஏறினா அந்த ஏத்தம் அவனுக்கு. இறங்கினா அந்த இறக்கம் நமக்கு. அதுக்கு மாசாமாசம் அவன் கொஞ்சம் காசு தர்றான். அப்படித்தானேங்க?"

"அப்படி இல்ல."

"வேற எப்படி?"

"ஏறாம இறங்காம அப்படியே நிக்கும் பாரு, அப்ப நாமதான் ஜெயிக்கறோம்."

"அமெரிக்கா அப்படிச் சும்மா நிக்கற ஊராங்க?"

தாக் பால்கனி ஆய்வகத்துக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். ஹேரன் மறுநாளும் முள்ளங்கி நறுக்கப் போனார்.

தாக் மாதம் முப்பது லட்சம் வீட்டுச் செலவுக்குத் தருவதாக வாக்குக் கொடுத்து, பதினாறாம் தேதி காலையில் மனைவி கணக்குக்கு அனுப்புவார். அனுப்பும்போது குறிப்புப் பகுதியில் 'சம்பளம்' என்று தட்டச்சு செய்வார். இதுவும் என் மனைவி மூலம் வந்த தகவல்.

அவர் பிரசங்கத்துக்கு முதலில் விழுந்தவர் யோம் அண்ணன். அவரிடம் ஐந்து கோடி இருந்தது. அடுத்து விழுந்தவர் யார் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஒரு கோடியோடு நிறுத்திக்கொண்டேன் என்பது மட்டும்தான் என் பெருமை. யோம் அண்ணனுக்குக் கண் சரியில்லை. கைபேசியில் ஃபண்டின் பெயரைத் தேடியபோது 'அமெரிக்கத் தொழில்நுட்பம் நூறு' என்று வரிசையாக நாலைந்து வந்திருக்கின்றன. பெயர் நீளமாக இருந்ததால் திரை மீதியை வெட்டிவிட்டது. அவர் முதலில் வந்ததைத் தொட்டு ஐந்து கோடியையும் போட்டுவிட்டார். அது வெறும் ஃபண்டு. அந்த நூறு கம்பெனிப் பங்குகளை வாங்கி வைத்துக்கொண்டு சும்மா இருக்கிற வகை. யாருக்கும் எந்த உரிமையும் எழுதிக் கொடுக்காது.

அடுத்த பதினைந்தாம் தேதி எனக்குப் பணம் வந்தது, யோம் அண்ணனுக்கு வரவில்லை. மூன்று மாதம் கழித்து எழுபதாயிரம் வொன் வந்தது. கைபேசியை வாங்கிப் பார்த்த தாக், மலைப்பாதைப் பெஞ்சில் உட்கார்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

"நாப்பது வருஷம் தபால் குடுத்த மனுஷன், தன் காசை விலாசம் மாத்திப் போட்டுட்டாரு" என்றார்.

யோம் அண்ணனும் சிரித்தார். அவர் எதற்கும் சிரிக்கிற ஆள். விற்றுவிட்டு இதை வாங்கலாமே என்றேன். விற்கிற பொத்தான் எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை என்றார். அடுத்த வாரம் தானே சொல்லித் தருவதாகத் தாக் சொன்னார். அடுத்த வாரமும் அதற்கடுத்த மாதமும் சொல்லித் தரவில்லை. சொல்லித் தந்துவிட்டால் ஒவ்வொரு பதினைந்தாம் தேதியும் யாரைப் பார்த்துச் சிரிப்பது? யோம் அண்ணனிடம், இந்த மாசம் எவ்வளவு வந்தது என்று கேட்பதில் அவருக்குக் காளான் வடையை விட ருசி இருந்தது.

அந்த வருட அறுவடைத் திருநாளுக்கு ஹேரனின் குடும்பம் தாக் வீட்டில் கூடியது. கிபோம் கடையைச் சாத்திவிட்டு மதியம் தாமதமாக வந்து, சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்தபடியே தூங்கி வழிந்தார். டெலிவரி ஆப்காரர்கள் கமிஷனை உயர்த்தியிருந்தார்கள். கோழி விலையும் ஏறியிருந்தது. அன்று எல்லோர் முன்னாலும் தாக் மச்சினனை உட்கார வைத்துப் பாடம் நடத்தினார். கடையை விற்று, வரும் எட்டுக் கோடியை ஃபண்டில் போட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்கச் சொன்னார்.

"மாப்ள, நீ பொரிக்கற, நான் அடுப்பையே தொடறதில்ல. என் கையில ஒரு கொப்புளம் இருக்கா பாரு" என்று இரண்டு கைகளையும் நீட்டிக் காட்டினாராம்.

கிபோமின் கையில் பதினொரு கொப்புளத் தழும்பு. அவருடைய மனைவி எழுந்து சமையலறைக்குப் போய்விட்டார். கிபோம் மறுநாள் அக்காவைத் தொலைபேசியில் கூப்பிட்டு, அத்தான் சொல்வது சரிதானோ என்று கேட்டிருக்கிறார். களைப்பில் மனிதனுக்கு எல்லாம் சரியாகத் தெரியும். ஹேரன் நிதானமாகப் பதில் சொன்னார்: "ஒரு வருஷம் பொறு. உங்க அத்தான் எங்க போய் நிக்கறாருன்னு பாத்துட்டு முடிவு பண்ணு."

அந்த வருடம் அமெரிக்கச் சந்தை நன்றாகவே ஏறியது. தாக்கின் ஃபண்டு விலை ஏறவில்லை, ஒரு யூனிட் பத்தாயிரத்துக்கு வாங்கியது ஒன்பதாயிரத்து அறுநூறில் நின்றது. தாக் அதைப் பற்றிப் பேசவில்லை. நானும் என் கைபேசியில் அந்த எண்ணைக் கட்டை விரலால் மறைத்துக்கொண்டுதான் மாதாமாதம் வரும் பங்காதாயத்தைப் பார்ப்பேன்.

மறு வருடம் ஏப்ரலில் சந்தை விழுந்தது. ஒரே வாரத்தில் உலகம் முழுவதும் பீதி. அந்த வாரம் எங்கள் ஃபண்டும் விழுந்தது, கூடவே, அதே வேகத்தில், எந்தப் பாரபட்சமும் இல்லாமல். ஏழாயிரத்து அறுநூறு. அந்தப் பதினைந்தாம் தேதி மலையில் தாக் வழக்கத்தை விட அதிகமாகப் பேசினார். விலை என்பது திரையில் தெரியும் எண், பங்காதாயம்தான் பணம், எண்ணைப் பார்த்துப் பயப்படுகிறவன் முதலீட்டாளனே இல்லை என்றார். சோற்றுக்குப் பணமும் கொடுத்தார். காளான் வடை மட்டும் வரவில்லை. கடைக்காரம்மா கேட்டதற்கு, இன்று வயிறு சரியில்லை என்று எங்கள் மூவரின் வயிற்றுக்கும் சேர்த்து அவரே பதில் சொன்னார்.

பங்காதாயம் விலையின் பேரில் கணக்கிடுவது. விலை இறங்கியதும் அதுவும் இறங்கியது. மாதம் முப்பத்துமூன்று லட்சம் வந்த இடத்தில் இருபத்தாறு லட்சம் வந்தது.

அதன் பிறகு நடந்ததுதான் அவரால் தாங்க முடியாதது. மே, ஜூன், ஜூலை என்று மூன்றே மாதத்தில் சந்தை விழுவதற்கு முன்பிருந்த உயரத்துக்குத் திரும்பி, அதையும் தாண்டிப் போனது. எங்கள் ஃபண்டு இருநூறு வொன் ஏறி, ஏழாயிரத்து எண்ணூறில் உட்கார்ந்துகொண்டது. ஏற்றத்தைத்தான் முன்கூட்டியே விற்றாயிற்றே. விழுந்தது முழுவதும் எங்களுடையது, எழுந்தது வாங்கினவனுடையது.

ஜூலை பதினைந்தாம் தேதி யோம் அண்ணன் கைபேசியை என்னிடம் நீட்டி, இதில் ஏதோ தப்பாக இருக்கிறது, பாருங்கள் என்றார். எங்கள் ஊரில் பங்கு ஏறினால் சிவப்பு, இறங்கினால் நீலம். அவர் திரை மிளகாய்ப் பொடி தூவியது போலச் சிவந்திருந்தது. ஐந்து கோடி, ஆறே கால் கோடி ஆகியிருந்தது.

நான் சத்தமாகப் படித்தேன். படித்திருக்கக் கூடாது. தாக் ஷூ கயிற்றைக் கட்டக் குனிந்தவர் வெகுநேரம் நிமிரவில்லை.

யோம் அண்ணன் உண்மையான அக்கறையோடு கேட்டார். "தம்பி, இந்த விக்கற பொத்தானை நீ சொல்லித் தரவே இல்லையே. இப்பவாவது சொல்லித் தர்றியா? நானும் உன்னோடதுக்கே மாறிடறேன்."

"இருக்கட்டும் அண்ணே" என்றார் தாக். "நீங்க அப்படியே விட்டுடுங்க."

இரண்டு வருடத்தில் அவர் கொடுத்த நல்ல ஆலோசனை அது ஒன்றுதான்.

அந்தக் கோடையில் தாக் தினமும் காலை பத்து மணிக்கு முதுகுப் பையோடு கிளம்பிப் போவதைப் பார்த்தோம். ஆய்வுக்காக நூலகம் போகிறேன் என்பார். ஆகஸ்ட் வெயிலில், நெற்றி கறுத்து, கன்னம் ஒட்டி, மாலையில் திரும்புவார். நூலகத்தில் இவ்வளவு வெயில் அடிக்குமா என்று என் மனைவி கேட்டாள்.

விஷயம் இதுதான். ஹேரனுக்குச் சம்பளம் என்று போடும் முப்பது லட்சத்தை அவர் குறைக்கவில்லை. இருபத்தாறு வரும் இடத்தில் முப்பது கொடுத்தாக வேண்டும், மலையடிவாரத்தில் எங்கள் இருவர் வாயையும் நிரப்பியாக வேண்டும், டைரக்டர் என்ற பெயருக்கு ஒரு காப்பியாவது வாங்கியாக வேண்டும். அதனால் தாக் டெலிவரி ஆப் ஒன்றில் சேர்ந்து, நடந்தே உணவு கொண்டுபோய்க் கொடுக்கும் வேலை பார்த்தார். வண்டி தேவையில்லாத வேலை என்பதால் ஓய்வு பெற்றவர்கள் பலர் இதைச் செய்கிறார்கள். ஒரு டெலிவரிக்கு மூவாயிரம், நாலாயிரம். எங்களுக்கு ஒரு வேளை பார்லிச் சோறு போட அவர் எட்டு வீடு ஏறி இறங்கியிருக்கிறார். இது தெரிந்த பிறகு எனக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை, மூன்றாம் நாள் இறங்கியது.

செப்டம்பரில் ஒரு மாலை மழை பிடித்துக்கொண்டது. ஆப் தாக்கை ஒரு கோழிக்கடைக்குப் போகச் சொன்னது. பெயரைப் பார்த்ததும் அவர் மறுத்திருக்கலாம். அன்று ஏற்கெனவே இரண்டை மறுத்துவிட்டதால் மூன்றாவதையும் மறுத்தால் மதிப்பெண் குறையும். முகக்கவசத்தை மூக்குக்கு மேல் இழுத்து, மழைக்காக ஜாக்கெட்டின் தலைமூடியைப் போட்டுக்கொண்டு கிபோமின் கடைக்குள் நுழைந்தார். வாய் திறக்காமல் பார்சலை வாங்கிக்கொண்டு ஓடிவிடலாம் என்பது திட்டம். ஆனால் இந்த நகரத்தில் எட்டாயிரம் மீட்டர் பனிப்புயலுக்குத் தயாராக இருக்கிற ஆரஞ்சு ஜாக்கெட் ஒன்றுதான்.

கிபோம் எண்ணெய்ச் சட்டியை விட்டுத் திரும்பிப் பார்த்தார். ஒரு நொடி ஜல்லிக்கரண்டி கையில் அப்படியே நின்றது. பிறகு பார்சலைக் கட்டி, அதற்கு மேல் இன்னொரு பிளாஸ்டிக் பையைச் சுற்றி நீட்டினார்.

"கீழ சாஸ் இருக்கு அத்தான். சாயாம நேரா புடிச்சுக்கோங்க."

தாக் தலையை மட்டும் ஆட்டினார். வாசல் வரை போனவரைக் கிபோம் மறுபடி கூப்பிட்டு, பைக்குள் ஒரு சின்னப் பொட்டலத்தைத் திணித்தார். சூடான கோழித்துண்டு நாலு. தாக் அதைப் பக்கத்துக் கட்டடப் படிக்கட்டில் நின்று சாப்பிட்டார். அந்தக் கோழி இவ்வளவு நன்றாக இருக்கும் என்று எனக்கு நாலு வருஷமாகத் தெரியாது என்று பிற்பாடு என்னிடம் சொன்னார். இதைச் சொல்லும்போது மட்டும் அவர் குரலில் பிரசங்கம் இல்லை.

கிபோம் அக்காவிடம் இதைச் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இருக்கவில்லை. நவம்பரில் அரசு மருத்துவக் காப்பீட்டு அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது, பிரித்தவர் ஹேரன். அதுவரை தாக் மனைவியின் வேலையிடக் காப்பீட்டில் அவரை அண்டியிருப்பவராகச் சேர்ந்து, காசு கட்டாமல் இருந்தார். முந்தின வருடம் பங்காதாயமாக வந்தது வருமான வரம்பைத் தாண்டிவிட்டது, ஆகவே இனி வீட்டு மதிப்பையும் சேர்த்துக் கணக்கிட்டு மாதம் மூன்றரை லட்சம் தனியாகக் கட்ட வேண்டும் என்று கடிதம் சொன்னது. கடல் முன்னால் நின்ற கோட்டு இளைஞர் இதைப் பற்றி ஒன்றும் சொல்லியிருக்கவில்லை.

அன்று ஹேரன் கணவரைச் சமையலறை மேசையில் உட்கார வைத்து, கைபேசியைத் திறக்கச் சொன்னார். தொடுகறிக் கடையில் நாள் முடிவில் டப்பா எண்ணுகிறவருக்கு இது அரை மணி நேர வேலை. இருபத்திரண்டு மாதத்தில் வரி போகக் கைக்கு வந்தது ஆறரைக் கோடி. போட்ட முதலில் குறைந்திருந்தது ஏழு கோடி.

"ஆக, நம்ம காசை எடுத்து நமக்கே சம்பளம்னு குடுத்திருக்கான்" என்றார் ஹேரன். "அதுக்கு வரியும் புடிச்சிருக்காங்க. இப்ப காப்பீடும் கேக்கறாங்க. இதை நானே உங்களுக்குச் செஞ்சிருப்பேனே, இலவசமா."

தாக், இப்போது விற்றால் நஷ்டம் உறுதியாகிவிடும், கொஞ்சம் பொறுத்தால் ஏறும்போது என்று ஆரம்பித்தார்.

"ஏறினா அது நமக்கு இல்லையேங்க."

இதையும் ஹேரன்தான் என் மனைவியிடம் சொன்னார். அதற்குப் பிறகுதான் தாக் மழை, ஆப், மூவாயிரம் வொன் எல்லாவற்றையும் சொன்னார். ஹேரன் கோபப்பட்டிருப்பார் என்று நினைத்தேன். அவர் எழுந்து போய்க் கணவரின் மலையேற்றக் காலணியைத் திருப்பிப் பார்த்தாராம். அடிப்பாகம் வழவழவென்று தேய்ந்திருந்தது. நாளைக்குப் புதுசு வாங்கிக்கோங்க, கால் வழுக்கும் என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் ஃபண்டை விற்றார்கள். பெரும்பகுதி வங்கி டெபாசிட்டுக்குப் போனது. ஒரு பகுதி யோம் அண்ணன் தவறாக வாங்கியதற்குப் போனது. அதை வாங்கும்போது தாக் யோம் அண்ணனிடமே எந்தப் பெயரைத் தொட்டீர்கள் என்று கேட்டார். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுத் தொட்டதாக ஞாபகம் என்றார். என் ஒரு கோடி என்ன ஆயிற்று என்று கேட்காதீர்கள். நான் இன்னும் கட்டை விரலால் மறைத்துத்தான் பார்க்கிறேன்.

டிசம்பரில் கிபோமின் கடையில் கல்லாவில் நின்ற பெண் கல்யாணமாகி வேறு ஊருக்குப் போனாள். ஹேரன் கணவரிடம், மாலை நாலு முதல் ஒன்பது வரை நீங்கள் போங்கள் என்றார். கேள்வியாகச் சொல்லவில்லை. தாக் போனார். முதல் வாரம் முகக்கவசத்தைக் கழற்றவே இல்லை. இரண்டாம் வாரம் எண்ணெய்க்காரன் வந்தான்.

பதினெட்டு லிட்டர் டின், இருபது டின், விலையைச் சொல்லி ரசீதை நீட்டினான். தாக் ரசீதை வாங்கிப் படித்தார். திருப்பிப் படித்தார். முப்பது வருடம் கம்பி வியாபாரிகளின் ரசீதைப் படித்த கண் அது. கிபோம் நாலு வருடமாக ஒரே ஆளிடம், சொன்ன விலைக்கு, அவனுக்குக் காப்பியும் கொடுத்து வாங்கிக்கொண்டிருந்தார். தாக் அந்த மாதமே வேறு மூன்று வியாபாரிகளை வரவழைத்தார். ஒருவன் சொன்ன விலையை இன்னொருவனிடம் சொல்லாமல், சொன்ன மாதிரி முகத்தை வைத்துக்கொண்டார். எண்ணெயிலும் கோழியிலும் பெட்டியிலுமாக மாதம் ஐந்து லட்சம் மிச்சமானது. யாருக்கும் எந்த உரிமையும் எழுதிக் கொடுக்காமல் வந்த ஐந்து லட்சம்.

இதனால் அவர் அடங்கிப்போனார் என்று நினைத்தால் அது தப்பு. கிபோம் போன வாரம் என்னைத் தெருவில் நிறுத்தி முறையிட்டார். "கோழி வாங்க வந்தவங்களை நிக்கவச்சு எண்ணெய் பத்திப் பாடம் எடுக்கறாரு வாத்தியாரே. ஆறிப்போச்சுன்னு நேத்து ஒருத்தர் திருப்பிக் குடுத்துட்டாரு. ஆனா ஒண்ணு, விலை பேசறதுல மனுஷனை அடிச்சுக்க ஆள் இல்ல."

நேற்று மாலை கடை வாசலைக் கடந்தபோது தாக் என்னையும் பிடித்துக்கொண்டார். கையில் இரண்டு காகிதக் குவளை, இரண்டிலும் விரல் உயரத்துக்கு எண்ணெய். ஒவ்வொன்றாக என் மூக்கடியில் நீட்டி, எது மூன்று நாள் பழசு, சொல்லுங்கள் பார்க்கலாம் என்றார். இரண்டும் ஒன்றுதான் என்றேன். அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்துவிட்டு, ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார். அங்கிருந்து நான் எழுந்திருக்க நாற்பது நிமிடம் ஆயிற்று.